பூச்சி உலகம் கேள்வி – பதில்: ஆறு மில்லிமீட்டர் வேட்டை ஈ

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் ஹோல்கோசெஃபாலா ஃபஸ்கா என்னும் சின்னஞ்சிறு கொள்ளைக்கார ஈயைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்த ஈ, அரை மீட்டருக்கும் அப்பால் பறக்கும் இரையைக் கண்டுகொண்டு, அரை வினாடிக்குள் அதைப் பிடித்துவிடும் என்பதே அந்தக் குறிப்பின் சாரம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுப்பிய கேள்விகள், சில வரிகளில் முடிக்கக்கூடிய செய்தி அது அல்ல என்பதை உணர்த்தின. எனவே இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அந்த ஓர் ஈக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓர் ஓடையும் அதை ஒட்டிச் சிறு மரக்கூட்டமும் இருக்கின்றன. ஜூலை மாதத்தில் அங்கே காய்ந்த குச்சிகளின் நுனியில் மிகச் சிறிய ஈ ஒன்று அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். உடம்பைவிடத் தலைதான் அகலமாகத் தெரிகிறது. திடீரென்று எழும்பிப் பறந்து, உடனே அதே குச்சிக்குத் திரும்பி வந்துவிடுகிறது. இது கொசு வகையைச் சேர்ந்ததா, அல்லது நீங்கள் எழுதிய ஈதானா? படம் இணைத்திருக்கிறேன். (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: இது கொசு அல்ல. உங்கள் படத்தில் இருப்பது ஹோல்கோசெஃபாலா பேரினத்தைச் சேர்ந்த ஈதான். கொள்ளைக்கார ஈக்களின் குடும்பமாகிய அசிலிடேயில் 7,500க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பலவும் நீண்ட வயிறும் முள்போன்ற மயிர்கள் நிறைந்த கால்களும் கொண்ட, எளிதில் கண்ணில் படக்கூடிய பெரிய ஈக்கள். ஆனால் ஹோல்கோசெஃபாலாவைப் பார்க்கிறவர்கள் முதலில் ஏதோ ஒரு கொசு என்றே நினைத்துக் கடந்துபோகிறார்கள்.

அடுத்த முறை அது உட்கார்ந்திருக்கும்போது ஒரு கைவில்லையை எடுத்துக்கொண்டு, உங்கள் நிழல் அதன் மேல் விழாதபடி மெல்ல நெருங்கிப் பாருங்கள். இரண்டு கண்களும் மேல்நோக்கிப் புடைத்திருக்க, அவற்றின் நடுவே உச்சந்தலை பள்ளமாகத் தாழ்ந்திருக்கும். இது அசிலிடே குடும்பம் முழுவதற்கும் பொதுவான அடையாளம். முகத்தில் வாய்க்கு மேலே ஒரு கொத்து மயிர் நீட்டிக்கொண்டிருக்கும். பிடிபட்ட இரை உதைத்துத் துடிக்கும்போது முகத்தைக் காப்பது அந்த மயிர்க்கொத்து என்று கருதப்படுகிறது. அதற்குக் கீழே குத்துவதற்கேற்ற விறைப்பான குட்டை வாயுறுப்பு இருக்கும். இவை போக, முன்னிருந்து பார்த்தால் தலை அகன்றும், கண்களின் முன்புறம் வளைவு குறைந்து கிட்டத்தட்டத் தட்டையாகவும் தெரியும். அந்தத் தட்டையான பகுதியில் தனித்தனி வில்லைகள் மற்ற இடங்களைவிடப் பெரியனவாக இருப்பதை நல்ல கைவில்லையிலேயே கண்டுகொள்ளலாம்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இந்தப் பேரினத்தின் மூன்று சிற்றினங்கள் உள்ளன. அமெரிக்கப் பூச்சியியலின் முன்னோடியான தாமஸ் சே 1823இல் ஹோல்கோசெஃபாலா அப்டாமினாலிஸை விவரித்தார். ஹெர்மன் லோவ் 1872இல் ஹோல்கோசெஃபாலா கால்வாவை விவரித்தார். நாம் பேசிக்கொண்டிருக்கும் ஃபஸ்காவுக்கு அறிவியல் பெயர் கிடைக்க 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெயரிட்டவர் கொள்ளைக்கார ஈக்களிலேயே தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஸ்டான்லி பிராம்லி. உங்கள் படத்தில் சிறகுகள் பழுப்புச் சாயலுடன் இருப்பதால் அது ஃபஸ்காவாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் இத்தனை சிறிய ஈயின் சிற்றினத்தை ஒரு படத்தை மட்டும் வைத்து உறுதி செய்வது நல்ல வழக்கம் அல்ல என்பதால் அதற்கு மேல் சொல்லத் தயங்குகிறேன். பேரினத்தின் மற்ற சிற்றினங்களில் பெரும்பாலானவை மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழ்கின்றன.

கேள்வி: வில்லை சிறிதாக ஆக ஆகப் பிம்பம் மங்கும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். ஆறு மில்லிமீட்டர் பூச்சியின் கூட்டுக்கண்ணில் இருக்கும் வில்லைகள் எத்தனை சிறியவையாக இருக்க வேண்டும்! அப்படியிருக்க, அரை மீட்டருக்கு அப்பால் இருக்கும் சிறு பூச்சியை அது எப்படிப் பார்க்க முடியும்? (கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் ஐயம் மிகச் சரியானது. இந்த ஈயை ஆராய்ச்சியாளர்கள் தேடிச் சென்றதற்கு அடிப்படைக் காரணமே அந்த ஐயம்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய டிரெவர் வார்டில், பலோமா கொன்சாலெஸ்-பெல்லிடோ ஆகியோரும் அவர்களின் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு விடை தருகிறது.

முதலில் இயற்பியலைப் பார்ப்போம். கூட்டுக்கண் என்பது பல கண்ணலகுகளின் தொகுப்பு. ஒவ்வொரு கண்ணலகுக்கும் ஒரு தனி வில்லை உண்டு. ஒளி ஒரு சிறு துளை வழியாகப் போகும்போது விளிம்பு விளைவால் பரவுகிறது. அந்தப் பரவலின் அளவு, தோராயமாக, ஒளியின் அலைநீளத்தை வில்லையின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும். அலைநீளம் அரை மைக்ரோமீட்டர் என்றும் வில்லையின் விட்டம் 20 மைக்ரோமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், மங்கல் ஏறத்தாழ 1.4 பாகை வருகிறது. இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பூச்சி அரை மீட்டர் தொலைவில் கண்ணில் வரையும் கோணமோ 0.23 பாகைதான். அதாவது, சாதாரணச் சிறு வில்லையில் அந்த இரை வெளிச்சத்தோடு கரைந்து காணாமலே போய்விடும். பழ ஈயின் கண்ணில் அடுத்தடுத்த இரண்டு கண்ணலகுகள் நோக்கும் திசைகளுக்கு இடையே ஏறத்தாழ ஐந்து பாகை இடைவெளி இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், சிறு ஈக்களின் பார்வை பொதுவாக எத்தனை முரடானது என்பது புரியும்.

ஹோல்கோசெஃபாலா ஃபஸ்காவின் கண்ணின் முன்பகுதியில் உள்ள வில்லைகளை அளந்தபோது, மிகப் பெரியவற்றின் விட்டம் ஏறத்தாழ 78 மைக்ரோமீட்டர் இருந்தது. இது, உடல் நீளத்தில் இதைவிடப் பத்து மடங்கு பெரிய தட்டான்களின் கண்ணில் காணப்படும் வில்லைகளோடு ஒப்பிடத்தக்க அளவு! மேலே சொன்ன கணக்கையே மறுபடி போட்டால் மங்கல் 0.37 பாகையாகக் குறைந்துவிடுகிறது. பக்கத்துக் கண்ணலகுகளின் திசை இடைவெளியோ 0.28 பாகை; பெருந்தட்டான்களின் கண்ணில் அது ஏறத்தாழ 0.24 பாகை. ஆறு மில்லிமீட்டர் ஈ, பார்வைக் கூர்மையில் பெருந்தட்டானுக்கு மிக அருகில் வந்து நிற்கிறது.

ஆனால் பெரிய வில்லைகளை வைத்தால் மட்டும் போதாது. பக்கத்துப் பக்கத்து வில்லைகள் ஏறத்தாழ ஒரே திசையைப் பார்த்தால்தான் நுட்பமான பார்வை கிடைக்கும். 78 மைக்ரோமீட்டர் அகலமுள்ள வில்லைகளை 0.28 பாகை வித்தியாசத்தில் ஒரு கோளத்தின் மேல் பதிப்பதாக வைத்துக்கொண்டால், அந்தக் கோளத்தின் ஆரம் 16 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. ஈயின் மொத்த நீளமே ஆறு மில்லிமீட்டர்! கண்ணின் முன்புறம் தட்டையாக இருப்பதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. இதோடு, அந்தப் பகுதியில் வில்லைக்கும் ஒளி உணரும் பகுதிக்கும் இடையிலான தொலைவு நீண்டும், ஒளி உணரும் இழைகள் மிக மெல்லியனவாகவும் அமைந்திருக்கின்றன.

இத்தனையும் கண் முழுவதற்கும் செய்துகொள்ள அதன் தலையில் இடம் இல்லை. ஆகையால் கூர்மையான பார்வை முன்புறத்தில் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே உண்டு. மற்ற பகுதிகளில் வில்லைகள் சிறியவை, பார்வை மங்கல். பக்கவாட்டில் ஏதோ அசைவது தெரிந்தவுடன் தலையைச் சட்டென்று திருப்பி, அந்த அசைவைக் கண்ணின் கூர்மையான முன்பகுதிக்குள் கொண்டுவந்து, அது நகர நகரத் தலையையும் நகர்த்திப் பின்தொடர்ந்த பிறகே ஈ பறக்க முடிவு செய்கிறது. எடிசன் வாசகர் பொறுமையாகப் பார்த்தால், குச்சி நுனியில் உடம்பு அசையாதிருக்கத் தலை மட்டும் வெட்டி வெட்டித் திரும்புவதைக் கண்டிப்பாகக் காண்பார்.

கேள்வி: நாங்கள் பரம்பரையாகத் தேனீ வளர்ப்பவர்கள். கொள்ளைக்கார ஈக்கள் தேனீயைப் பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இந்தச் சிறிய ஈயும் பிடிக்குமா? (மார்த்தாண்டம்)

பதில்: பிடிக்காது. வேலைக்காரத் தேனீயின் உடல் இதைவிட இரண்டு மடங்கு நீளம். இது பிடிப்பவை சிறு ஈக்கள், சிறு குளவிகள் போன்ற மென்மையான குறும்பூச்சிகளே. தேனீ வளர்ப்புக்குத் தொல்லை தருபவை பெரிய கொள்ளைக்கார ஈக்கள். அர்ஜென்டினாவின் பம்பாஸ் சமவெளியில் மல்லோஃபோரா ரூஃபிகாடா என்னும் ஈயைத் தேனீ வளர்ப்போர் தீங்குயிரியாகவே கருதுகிறார்கள்.

கேள்வி: பறந்துகொண்டிருக்கும் இரையை நோக்கி நேராகப் பாய்ந்தால், போய்ச் சேருவதற்குள் இரை வேறு இடத்துக்குப் போயிருக்குமே? அரை வினாடிக்குள் அது எப்படிக் கணக்குப் போடுகிறது? (தூத்துக்குடி)

பதில்: நேராகப் பாய்வதில்லை என்பதுதான் விடையின் முதல் பகுதி. உங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விதி நன்றாகத் தெரியும்: எதிரே தெரியும் கப்பல் நம் படகிலிருந்து பார்க்கும்போது அதே திசைக்கோணத்தில் நின்றுகொண்டு, அளவில் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால், இரண்டும் மோதப் போகின்றன என்று பொருள். மோதலைத் தவிர்க்க மாலுமி எதைக் கவனிக்கிறாரோ, மோதலை உண்டாக்க இந்த ஈ அதையே கடைப்பிடிக்கிறது. இரை இருக்கும் திசைக்கோணம் மாறாதபடி தன் பாதையை ஓயாமல் திருத்திக்கொண்டே பறந்தால், இரையின் வேகமோ தொலைவோ தெரியாவிட்டாலும் இரண்டும் ஒரே புள்ளிக்கு வந்து சேரும்.

இதை வெளியில், இயற்கையான சூழலிலேயே சோதித்துப் பார்த்தார்கள். குச்சியில் உட்கார்ந்திருக்கும் ஈயின் முன்னால், மெல்லிய தூண்டில் நரம்பில் கோத்த சிறு மணி ஒன்றைக் கணினி கட்டுப்படுத்தும் மோட்டாரின் துணையால் நகர்த்தினார்கள். ஈ அதை இரை என்று எண்ணித் துரத்தியது. இரண்டு அதிவேகப் படக்கருவிகள் வெவ்வேறு கோணங்களிலிருந்து பதிவு செய்ததால், ஈயும் மணியும் ஒவ்வொரு கணத்திலும் இருந்த இடத்தை முப்பரிமாணத்தில் கணக்கிட முடிந்தது. ஒவ்வொரு கணத்திலும் ஈயிலிருந்து மணிக்கு ஒரு கோடு வரைந்து பார்த்தபோது, அந்தக் கோடுகள் ஏறத்தாழ இணையாக அடுக்கடுக்காக அமைந்தன. பாதி வழியில் மணியின் வேகத்தைக் குறைத்தும், அதைத் திருப்பி எதிர்த்திசையில் ஓட்டியும் பார்த்தார்கள். ஈ உடனுக்குடன் தன் பாதையை மாற்றிக்கொண்டது. ஆகவே புறப்படும்போது ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டு அது கண்மூடிப் பாய்வதில்லை. துரத்தல் முழுவதும் பார்த்துப் பார்த்தே பறக்கிறது.

விடையின் இரண்டாம் பகுதிதான் என்னை அதிகம் கவர்கிறது. இரைக்கு ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் தொலைவுக்கு வந்ததும் ஈயின் பாதை மாறுகிறது. அதுவரை வேகமெடுத்துக்கொண்டு வந்தது, அங்கே வேகத்தைக் கட்டுப்படுத்தி, வளைந்து திரும்பி, இரை பறக்கும் திசையிலேயே தானும் பறக்கத் தொடங்குகிறது. கடைசிக் கணத்தில் இரையின் பின்புறமாக, ஏறத்தாழ அதே வேகத்தில் போய்ச் சேர்வதால், பிடிப்பது மோதலாக இல்லாமல் நிதானமாக நடந்து முடிகிறது. எதிரும் புதிருமாகப் பாய்ந்து தவறவிட்டால் திரும்பி வரும் நேரத்துக்குள் இரை போய்விடும். பின்னிருந்து இணைந்து பறந்தாலோ, இரை சற்று விலகினாலும் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கிறது. இவ்வாறு இரண்டு கட்டமாக இரையைப் பிடிக்கும் முறை பறக்கும் விலங்குகளில் அதற்கு முன் விவரிக்கப்பட்டதில்லை.

இரை கால்களுக்குள் அகப்பட்டதும் ஈ ஏதேனும் ஒரு குச்சிக்குத் திரும்பிவிடும். மற்ற கொள்ளைக்கார ஈக்களைப் போலவே வாயுறுப்பை இரையின் உடலுக்குள் செலுத்தி உமிழ்நீரைச் செலுத்துகிறது. அந்த உமிழ்நீர் நரம்புகளைச் செயலிழக்கச் செய்து, உள்ளுறுப்புகளையும் கரைத்துவிடுகிறது. கரைந்ததை உறிஞ்சி முடித்ததும் வெற்றுக்கூட்டைக் கீழே போட்டுவிட்டு, தலை மீண்டும் வானத்தைத் தேடத் தொடங்குகிறது.

கேள்வி: ஏவுகணைகளை வழிநடத்தும் முறையும் இந்த ஈயின் முறையும் ஒன்றுதான் என்று எங்கோ படித்தேன். இது மிகைப்படுத்தல் அல்லவா? (பெங்களூரு)

பதில்: மிகை இல்லை, ஆனால் எந்த அளவுக்கு ஒன்று என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஏவுகணைகளில் பரவலாகப் பயன்படும் விகிதசம வழிநடத்தல் என்னும் முறையின் அடிப்படை எளியது: இலக்கை நோக்கிய பார்வைக் கோடு எந்த வேகத்தில் திரும்புகிறதோ, அதன் குறிப்பிட்ட மடங்கு வேகத்தில் உன் பாதையைத் திருப்பு. அந்த மடங்கு ஏவுகணைகளில் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து வரை வைக்கப்படுகிறது. சாமுவேல் ஃபேபியனும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஹோல்கோசெஃபாலாவின் துரத்தல்களை இதே விதியோடு பொருத்திப் பார்த்தபோது, மடங்கு ஏறத்தாழ மூன்று என்றும், கண்டதற்கும் திரும்புவதற்கும் இடையிலான தாமதம் ஏறத்தாழ 28 மில்லிவினாடி என்றும் கிடைத்தன. ஈ வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொண்டால், அந்தத் தாமதத்துக்குள் அது மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவைக் கடந்துவிடும். தன் உடல் நீளத்தைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு தொலைவு பழைய தகவலை வைத்தே பறக்க வேண்டியிருந்தும் அது தவறாமல் பிடிக்கிறது.

அதே ஆய்வில், பசுமைக்குடில்களில் தீங்குப்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் கொயனோசியா அட்டெனுவாட்டா என்னும் மற்றொரு வேட்டை ஈயையும் ஒப்பிட்டார்கள். அதன் மடங்கு ஏறத்தாழ ஒன்றரை, தாமதம் 18 மில்லிவினாடி. அந்த ஈயின் பார்வை மங்கல். மிக அருகில் வரும் இரையைத்தான் அது துரத்துகிறது. தொலைவிலிருந்து தொடங்கும் துரத்தலுக்கு ஒரு மடங்கும், அருகிலிருந்து தொடங்கும் துரத்தலுக்கு வேறொரு மடங்கும் பொருந்துகின்றன. விதி ஒன்றே, அதன் அளவுகோல் வாழ்க்கை முறைக்கு ஏற்ப மாறியிருக்கிறது.

எங்கே ஒற்றுமை முடிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துரத்தும் வழியில் பெரிய பொருள் ஒன்றை நிறுத்தி வைத்தால் என்ன நடக்கும் என்று அதே ஆய்வாளர்கள் பார்த்து, 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நெருங்க நெருங்கப் பார்வையில் விரிந்துகொண்டே வரும் தடையிலிருந்து விலகும் எதிர்வினையும், இரையை நோக்கித் திருப்பும் விதியும் ஒரே நேரத்தில் செயல்பட்டு, இரண்டின் கூட்டு விளைவாகவே ஈயின் பாதை அமைந்தது. தடையைச் சுற்றிக்கொண்டு போயும் பல முறை அது இலக்கை அடைந்தது. கிளைகளும் இலைகளும் நிறைந்த காட்டோரத்தில் வாழும் உயிருக்கு இது இன்றியமையாதது. இந்த ஆராய்ச்சிகளில் சிலவற்றுக்கு அமெரிக்க விமானப்படையின் அறிவியல் ஆய்வு அலுவலகம் நிதி அளித்ததில் வியப்பில்லை. ஆனாலும் இவற்றைப் படிக்கும்போது, ஆயுதத்துக்குப் பயன்படும் என்பதைவிட, இத்தனை சிறிய மூளைக்கு இவ்வளவு குறைந்த தகவலே போதுமானதாக இருக்கிறது என்பதுதான் பெரிய செய்தியாக எனக்குப் படுகிறது.

கேள்வி: வேட்டையைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறார்கள். இந்த ஈ எங்கே முட்டையிடுகிறது, அதன் புழு எதைத் தின்கிறது என்பதை யாராவது எழுதக் கூடாதா? (யாழ்ப்பாணம்)

பதில்: நியாயமான குறை. கொள்ளைக்கார ஈக்கள் அனைத்துக்குமே இது பொருந்தும்: வெயிலில் வந்து உட்காரும் வளர்ந்த ஈயைப் பார்ப்பது எளிது, மண்ணுக்குள்ளும் மக்கிய மரத்துக்குள்ளும் வாழும் புழுவைத் தேடி எடுப்பது கடினம். அவற்றின் வாழ்நாளில் பெரும்பகுதி புழுப்பருவத்திலேயே கழிகிறது. வளர்ந்த ஈயாக அவை வெளியே தெரிவது சில வாரங்களே. 7,500க்கும் மேற்பட்ட சிற்றினங்களில் மிகச் சிறிய ஒரு பங்கின் புழுப்பருவமே முறையாக விவரிக்கப்பட்டிருக்கிறது.

நன்றாக அறியப்பட்ட ஒன்றைச் சொன்னால், மற்றவற்றில் என்னவெல்லாம் மறைந்திருக்கக்கூடும் என்பது விளங்கும். மார்த்தாண்டம் வாசகருக்கான பதிலில் குறிப்பிட்ட மல்லோஃபோரா ரூஃபிகாடாவின் பெண் ஈ, உயரமான புல்லின் நுனியிலோ வேலியிலோ முட்டைத் தொகுதியை இடுகிறது. பொரித்து வரும் நுண்ணிய புழுக்கள் காற்றில் சிதறித் தரையில் விழுந்து, மண்ணுக்குள் புகுந்து, வண்டுகளின் புழுக்களை வாசனையால் தேடிச் சென்று, அவற்றின் உடம்பில் வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. தேனீயைக் கொல்வதால் பகையாகக் கருதப்படும் அதே ஈ, வேர்களைத் தின்னும் வண்டுப் புழுக்களையும் கொல்கிறது! வளர்ந்த ஈயை மட்டும் பார்த்து எழுதப்பட்ட எந்தத் தீர்ப்பும் பாதித் தீர்ப்பே.

கேள்வி: இந்த ஈ தமிழ்நாட்டில் இருக்கிறதா? காவிரி மணலில் இதைப்போல ஒன்றைப் பார்த்ததாக நினைவு. (திருச்சிராப்பள்ளி)

பதில்: ஹோல்கோசெஃபாலா அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியது. ஆற்று மணலிலும் கடற்கரையிலும் உட்கார்ந்து, சாம்பல் வெண்மை நிறத்தால் மணலோடு மணலாகத் தெரியும் சிறு கொள்ளைக்கார ஈக்கள் ஸ்டிக்கோபோகான் பேரினத்தைச் சேர்ந்தவை. நீங்கள் பார்த்தது அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். தென்னிந்தியாவில் அவற்றோடு, புல்வெளிகளில் மெலிந்த நீண்ட உடலுடன் தொங்கும் லெப்டோகாஸ்டர், புதர்களில் காணப்படும் ஒம்மேஷியஸ் முதலிய சிறு பேரினங்களும் உண்டு. இந்திய விலங்கியல் ஆய்வகம் 1998இல் வெளியிட்ட, ஜோசப்பும் பாருயியும் எழுதிய தொகுதி, இக்குடும்பத்தின் ஒரு பகுதியைப் பிரித்தறிய இன்றும் அடிப்படையான துணை.

கேள்வி: விலங்கியல் இளநிலை மாணவி நான். இத்தனை வியப்பான உயிரியைப் பற்றி இவ்வளவு குறைவாக எழுதப்பட்டிருப்பது ஏன்? கருவிகள் இல்லாத என்னைப் போன்றவர்கள் இத்தகைய சிறு ஈக்களைப் பற்றி ஏதேனும் செய்ய முடியுமா? (மதுரை)

பதில்: பயிரை அழிக்கும் பூச்சிக்கும் நோயைப் பரப்பும் பூச்சிக்கும் பணமும் ஆளும் கிடைக்கின்றன, வண்ணத்துப்பூச்சிக்கும் தட்டானுக்கும் அன்பர்கள் கிடைக்கிறார்கள். இரண்டிலும் சேராத சிறு ஈ, வலையில் விழுந்தாலும் மற்ற குறும்பூச்சிகளோடு ஒரு குப்பிக்குள் போய், பல ஆண்டுகள் பெயரிடப்படாமலே கிடக்கும். ஃபஸ்காவுக்கே 1951இல்தான் பெயர் கிடைத்தது. அதன் நடத்தையை முறையாகப் பதிவு செய்த கட்டுரை 1979இல் வந்தது. அதற்கும் பார்வையை அளந்த ஆய்வுக்கும் இடையில் மேலும் 38 ஆண்டுகள். இது ஆராய்ச்சியாளர்களின் அக்கறையின்மை என்று நான் சொல்லமாட்டேன். எந்த உயிரைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதில் நம் கல்வித்துறை காட்டும் குறுகிய நோக்கு என்றே சொல்வேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அந்த 1979ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இருக்கிறது. ஸ்டீவ் டென்னிஸ் என்னும் பூச்சியியலாளர் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபஸ்கா எங்கே உட்காருகிறது, எப்படி இரை தேடுகிறது, எதைத் தின்கிறது என்றெல்லாம் களத்தில் நேரில் கவனித்து அதை எழுதினார். அதே முறையை நீங்கள் வைகைக் கரையிலோ அழகர் மலை அடிவாரத்திலோ காணும் ஏதாவது ஒரு சிறு கொள்ளைக்கார ஈயிடம் பின்பற்றலாம். ஓர் ஈயைத் தேர்ந்துகொண்டு, அது உட்காரும் இடம் குச்சியா, இலையா, மணலா. தரையிலிருந்து எவ்வளவு உயரம். வெயிலா, நிழலா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை எழும்பிப் பறக்கும்போதும் நேரத்தையும், இரையோடு திரும்பியதா, வெறுமனே திரும்பியதா என்பதையும் எழுதுங்கள். வெற்றி பெற்றவற்றை மட்டும் எழுதுவது தொடக்கத்தில் எல்லாரும் செய்யும் பிழை; வெறுமனே திரும்பியவற்றின் எண்ணிக்கை இல்லாமல் வெற்றி விகிதத்துக்குப் பொருளே இல்லை.

ஈ உறிஞ்சி முடித்துக் கீழே போடும் வெற்றுக்கூடுகளைச் சேகரிக்க, அது வழக்கமாக உட்காரும் குச்சிக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வையுங்கள். விழுவனவற்றைத் தேதியும் நேரமும் எழுதிய சிறு குப்பிகளில், சாராயத்தில் இட்டு வைத்து, கல்லூரி நுண்ணோக்கியில் எந்த வகைப் பூச்சி என்பதையாவது கண்டறியலாம். ஈயை இரையோடு சேர்த்துப் பிடிக்க நேர்ந்தால் இரண்டையும் ஒரே குப்பியில் இடுங்கள். எதை எது பிடித்தது என்ற தொடர்பு ஒருமுறை அறுந்தால் பிறகு மீட்க முடியாது. பெண் ஈ வயிற்று நுனியை மண்ணிலோ செடியிலோ அழுத்துவதைக் கண்டால் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு, அந்த இடத்தைப் படமெடுத்துக் குறியிட்டு, உங்கள் பேராசிரியருக்கு அன்றே தெரிவியுங்கள்.